இல்லாத சிரிப்பு

அத்தியாயம் 11

காலை எட்டு மணிக்கே வீட்டில் சண்டை ஆரம்பித்துவிட்டது. சொத்துத் தகராறு இல்லை. மாமியார் மருமகள் தகராறும் இல்லை. சினிமாத் தகராறு.

“அவ சிரிச்சா!” என்றார் மாமனார், கையிலிருந்த ரொட்டித் துண்டை ஆட்டியபடி.

“சிரிக்கலை!” என்றார் மாமியார், உதட்டில் கவ்வியிருந்த குண்டூசியை எடுக்காமலே.

“சிரிச்சா. என் காதால கேட்டேன்.”

“சிரிப்பைக் காதால கேட்டாராம்! நான் கண்ணால பார்த்தேன். கடைசியில அவ முதுகுதான் தெரிஞ்சுது. முதுகு சிரிக்குமா?”

மருமகள் காபி டம்ளர்களை மேஜையில் வைத்துவிட்டுச் சத்தம் போடாமல் நழுவப் பார்த்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மகன் வீடியோ போனில் வந்து, “இந்த வருஷமும் லீவு கிடைக்காது” என்று சொன்னதிலிருந்து வீடு களையிழந்து கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பதினாலு மாதமாக அவன் கடல் தாண்டிய ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். பெரியவர்கள் இரண்டு பேரும் வாய் திறந்து பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், மருமகள்தான் அவர்களை வெள்ளிக்கிழமை ‘இருமுறை வந்தவன்’ படத்துக்கு அனுப்பி வைத்தாள். பேச்சு வந்துவிட்டது. இப்போது நிறுத்தத்தான் ஆள் இல்லை.

மாமனார் முப்பது வருஷம் ரயில் எஞ்சின் ஓட்டியவர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை நோய் அவருடைய இரண்டு கண்களையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. மாமியார் தையல்காரர். முன்னறையில் அவருடைய மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மருமகளின் வேலையைத்தான் புதிதாகக் கேட்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கும். பார்வை இல்லாதவர்கள் தியேட்டரில் காதில் ஒரு சின்னக் கருவியை மாட்டிக்கொண்டால், வசனங்களுக்கு நடுவே ஒரு குரல் படத்தில் நடப்பதைச் சொல்லிக்கொண்டே வரும். ‘அவன் கதவைச் சாத்துகிறான்.’ ‘மழை நின்றுவிட்டது.’ அந்த வரிகளை எழுதுவதும் அவள்தான், உட்கார்ந்து படித்துப் பதிவு செய்வதும் அவள்தான்.

ஆக, வெள்ளிக்கிழமை ஒரே தியேட்டரில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் மாமியார் படம் பார்த்தார், மாமனார் மருமகளின் குரலைக் கேட்டார். வெளியே வரும்போது இரண்டு பேரும் வேறு வேறு படம் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருந்தார்கள்.

படம் அப்படிப்பட்ட படம். ஒரு பெண்ணின் கணவன் படகு விபத்தில் காணாமல் போகிறான். பதினோரு மாதம் கழித்துத் திரும்பி வருகிறான். அதே முகம், அதே குரல், அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியங்கள்கூட அவனுக்குத் தெரிந்திருக்கின்றன. அவளும் மெல்ல மெல்ல அவனை மறுபடி காதலிக்கத் தொடங்குகிறாள். சரியாக இடைவேளையில் இன்னொருவன் வந்து கதவைத் தட்டுகிறான். அவனுக்கும் அதே முகம். மிச்சப் படம் முழுக்கத் தலை சுற்றல்தான். கடைசிக் காட்சியில் கதவு தட்டப்படுகிறது, அவள் போய்த் திறக்கிறாள், படம் முடிந்துவிடுகிறது. வந்தது யார்? உண்மையான கணவனா, மற்றவனா? ஊரே அடித்துக்கொண்டிருந்தது.

“நாற்பது வருஷமா ஜனங்களுக்குத் தோள் அளவு எடுக்கிறேன்,” என்றார் மாமியார். இப்போது குண்டூசி கைக்கு வந்துவிட்டது. “ஒருத்தி சிரிச்சா தோள் கொஞ்சம் இறங்கும். அவளுக்கு இறங்கலை. விறைச்சுப்போய் நின்னா. வந்தவன் புருஷன் இல்லை. எழுதி வேணா தரேன்.”

“அவ முகத்தில் சிரிப்புன்னு தெளிவா சொல்லுது குரல்! யார் குரல்? நம்ம மருமக குரல்! அவ பொய்யா சொல்லுவா?”

“அவளையே கேளுங்களேன். இங்கதானே நிக்கறா. ஏம்மா, நீயே சொல்லு. அவ சிரிச்சாளா, இல்லையா?”

மாமனார் முகத்தை மருமகள் நின்ற பக்கம் திருப்பினார். வெற்றி நிச்சயம் என்று நம்பும் மனிதரின் முகம் அது. “சொல்லும்மா. உன் அத்தைக்குப் புத்தி வரட்டும்.”

மருமகள் காபி டம்ளர்களை நகர்த்தி வைத்தாள். தான் எழுதிய வரி அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ‘கதவைத் திறக்கிறாள். அவனைப் பார்த்ததும் அவள் முகத்தில் சிரிப்பு.’ ஆனால் அந்தச் சிரிப்பைத் திரையில் எந்த இடத்தில் பார்த்தோம் என்று யோசித்தால், மனதில் ஒன்றுமே தெரியவில்லை.

“ஸ்டுடியோவுக்கு நேரமாச்சு மாமா. சாயங்காலம் வந்து சொல்றேன்.”

“ஞாயிற்றுக்கிழமைகூட ஸ்டுடியோவா?”

“டைரக்டர் வரச் சொல்லியிருக்காங்க.”

“அஞ்சு மணிக்கு முன்னாடி வந்துடு. அவன் போன் பண்ணுவான்.”

“வந்துடுவேன்,” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பி, படியில் நின்று சரிசெய்துகொண்டாள்.

*

பஸ்ஸிலும் அதே பேச்சுதான். முன்சீட்டில் கல்லூரிப் பெண்கள் இருவர்.

“முதல்ல வந்தவன்தான்டி நிஜம். இல்லேன்னா அவனுக்கு எப்படி அந்தப் பழைய கடிதத்தைப் பத்தித் தெரியும்?”

“ரெண்டு பேருமே கிடையாது. அவளே கற்பனை பண்ணிக்கறா. புருஷன் செத்துட்டான்.”

“ஐயோ, அப்படிச் சொல்லாதே. எனக்கு அழுகை வரும்.”

பின்சீட்டுப் பெரியவர் ஒருவர் குறுக்கே விழுந்து, “படத்துல கதையே இல்லம்மா. டைரக்டருக்கே முடிக்கத் தெரியலை, அதான் கதவைத் திறந்துவிட்டுட்டுப் போயிட்டாங்க” என்று தீர்ப்புச் சொன்னார். பெண்கள் இருவரும் அதுவரை எதிரெதிர் கட்சியில் இருந்தவர்கள், சட்டென்று ஒன்று சேர்ந்து அவர்மேல் பாய்ந்தார்கள்.

வேறொரு நாளாக இருந்தால் மருமகள் சிரித்திருப்பாள். இன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வரச் சொன்ன டைரக்டர் காரணம் சொல்லவில்லை.

டைரக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. முதல் படம். ஒரு வாரமாகத் தூங்காத கண்களோடு பதிவு அறையில் செல்போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒலிப்பதிவாளர். எல்லோரும் அவரை ‘அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“உட்காருங்க அக்கா. முதல்ல இதைக் கேளுங்க,” என்று டைரக்டர் செல்போனிலிருந்து படித்தாள். “‘மூணு தடவை பார்த்தேன். மூணு தடவையும் வேற ஆள் வந்தான்.’ இது ஒருத்தர். ‘இடைவேளையோட நான் கிளம்பிட்டேன். மிச்சக் கதையை என் மனைவி சொன்னா. நான் ஏதோ கருத்துச் சொன்னேன். ரெண்டு நாளா வீட்டில பேச்சுவார்த்தை இல்லை.’ இது இன்னொருத்தர். ‘இப்படி ஒரு படம் பார்த்ததே இல்லை’ன்னு பாதிப் பேர். ‘இனிமே பார்க்கவே வேண்டாம்’னு பாதிப் பேர்.”

“நல்லதுதானே?”

“ரொம்ப நல்லது. இதுக்குத்தான் எடுத்தேன். ஆனா இதைப் பாருங்க.” ஒரு காகிதத்தை நீட்டினாள். “பார்வையில்லாதவங்க சங்கத்திலேர்ந்து வந்திருக்கு. புதன்கிழமை ஸ்பெஷல் ஷோவுக்கு நாற்பத்தொரு பேர் வந்தாங்க. எல்லார்கிட்டயும் கருத்துக் கேட்டிருக்காங்க. வந்தது உண்மையான கணவன்தான்னு எத்தனை பேர் சொல்லியிருக்காங்க தெரியுமா?”

மருமகள் காகிதத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்துவிட்டது. “நாற்பத்தொரு பேரும்.”

“நாற்பத்தொரு பேரும்! படத்தை எழுதின எனக்கே தெரியாது யார் வந்தாங்கன்னு. நடிச்ச பொண்ணுகிட்டயும் நான் சொல்லலை. கதவுக்கு அந்தப் பக்கம் யாரையுமே நிறுத்தலை. சத்தியமா எனக்குக் கோபம் இல்லைக்கா. ஆச்சரியமா இருக்கு. நான் எடுக்காத சிரிப்பு இத்தனை பேருக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“கடைசிக் காட்சியைப் போடுங்க அண்ணே,” என்றாள் மருமகள்.

அண்ணன் கடைசிக் காட்சியை ஓட்டினார். ஆறே நொடி. அவள் கதவை நோக்கி நடக்கிறாள். கேமரா பின்னாலேயே போகிறது. கை தாழ்ப்பாளை விலக்குகிறது. வெளிச்சம் உள்ளே விழுகிறது. பின்கழுத்து, தோள், அவ்வளவுதான். இருட்டு.

“இன்னொரு தடவை போடுங்க அண்ணே.”

போட்டார். கதவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிச் சட்டம் இருந்தது. அதில் முகம் ஒரு கணம் விழுந்திருக்குமோ என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். அதில் தெரு விளக்குதான் விழுந்திருந்தது. எட்டுத் தடவை ஓட்டியாயிற்று. மாமியார் சொன்னது சரி. தோள் இறங்கவே இல்லை.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு வருஷமாக இந்த வேலையைச் செய்கிறாள். புதிதாக வருகிற பெண்களுக்கு அவள் முதல் நாள் சொல்லிக் கொடுப்பதே இதுதான். திரையில் தெரிவதை மட்டும் எழுது. உனக்குத் தோன்றுவதை எழுதாதே. அவர்களுக்குத் தோன்ற வேண்டியதை நீ தின்றுவிடாதே. அப்படிப்பட்டவள் இல்லாத ஒரு சிரிப்பை எழுதி, அதைத் தன் குரலிலேயே படித்து, நாற்பத்தொரு பேர் காதில் போட்டிருக்கிறாள். எழுதும்போது ஒரு உறுத்தல்கூட இல்லை. கை தானாக எழுதியிருக்கிறது.

தானாக எழுதும் அளவுக்கு எங்கே பழகியது அந்தக் கை?

பதில் உடனே வந்தது. வந்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி, செல்போன் திரையில் கணவன் முகம். ‘சிரிக்கிறார் மாமா. நல்லா இருக்கார் மாமா.’

“மன்னிச்சிடுங்க,” என்றாள் டைரக்டரிடம். “என் தப்பு. எப்படி வந்துதுன்னு எனக்கு இப்பதான் புரியுது. ஆனா இங்க சொல்ல முடியாது.”

டைரக்டர் துருவவில்லை. “நான் முடிவு சொல்லாம விட்டேன். நீங்க சொல்லிட்டீங்க. பாவம், அவங்களும் சண்டை போடணும் இல்லையா? ஊர்ல எல்லாரும் வீட்டுக்கு வீடு அடிச்சிக்கறாங்க. அவங்க மட்டும் சமாதானமா இருந்தா எப்படி?”

அண்ணன் சிரித்துவிட்டார். மருமகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்போதே மைக்கின் முன்னால் உட்கார்ந்து அந்த வரியை மாற்றிப் படித்தாள். ‘கதவைத் திறக்கிறாள். நமக்குத் தெரிவது அவள் முதுகு மட்டும்.’ ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது. நாளையிலிருந்து தியேட்டர்களில் புதுவரிதான் ஓடும் என்றார் அண்ணன்.

ஸ்டுடியோவில் சரிசெய்வது அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது.

*

வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. மாமனார் ஜன்னலோரம் ரேடியோவைக் காதருகே வைத்துக்கொண்டிருந்தார். மாமியார் யாருடைய சட்டைக்கோ காலர் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

“மாமா, காலைல கேட்டீங்களே. அத்தை சொன்னதுதான் சரி. படத்துல சிரிப்பு இல்லை. நான்தான் தப்பா எழுதிட்டேன். இன்னிக்குப் போய் மாத்திட்டு வந்தேன்.”

“பார்த்தீங்களா!” மாமியாரின் மெஷின் நின்றது. குரலில் கொண்டாட்டம் வழிந்தது. “தோளைப் பத்தி எனக்கு வந்து பாடம் எடுக்கறாரு!”

மாமனார் தோற்றவர்களுக்கே உரிய பெருந்தன்மையோடு கையை விரித்தார். “சரிதாம்மா, ஒத்துக்கறேன். இன்னிக்கு ராத்திரி பாத்திரம் நான் கழுவறேன்.” சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்லக் குறைந்தது. ரேடியோவை அணைத்தார்.

“ஏம்மா, தப்பு எப்படி வரும்? நீ அந்தக் காட்சியைப் பத்துத் தடவை பார்த்துத்தானே எழுதுவே?”

“ஆமா மாமா.”

“பத்துத் தடவை பார்த்தும் இல்லாத சிரிப்பு இருக்கற மாதிரி தெரிஞ்சுதா?”

 மாமியாரின் முகத்தில் இருந்த கொண்டாட்டம் எங்கே போனதென்று தெரியவில்லை. வரப்போவது என்னவென்று அவருக்குப் புரிந்துவிட்டது. தன் வாயாலேயே வினையை இழுத்துவிட்டுக்கொண்டதும் புரிந்துவிட்டது. “சினிமாதானே, விடுங்களேன்,” என்று அவசரமாக மெஷினை மிதித்தார்.

“மெஷினை நிறுத்து.”

நின்றது.

“போன ஞாயித்துக்கிழமை அவன் லீவு இல்லைன்னு சொன்னான். சொல்லும்போது சிரிச்சிட்டேதான் சொல்றார் மாமான்னு நீ சொன்னே. அதுக்கு முந்தின வாரமும் சொன்னே. அவன் சிரிச்சானாம்மா?”

 பொய் சொல்வது பெரிய காரியமில்லை. ஆறு வாரமாக அவளுக்கு அது கைவந்த கலை. ஆனால் காலையிலிருந்து அந்த ஆறு நொடிகளைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு இப்போது வாய் வரவில்லை.

“இல்லை மாமா.”

“எத்தனை வாரமா?”

“ஆறு வாரமா.”

மாமனார் மனைவி இருந்த பக்கம் திரும்பினார். “நீயும் பார்த்துட்டுத்தானே பக்கத்தில உட்கார்ந்திருந்தே?”

“உங்களுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு,” என்றார் மாமியார், அழுகையோடு. “முகம் வாடியிருக்குன்னு சொன்னா நீங்க ராத்திரியெல்லாம் முழிச்சிட்டு உட்காருவீங்க. நாங்க ரெண்டு பேரும் கூடிப் பேசி ஒண்ணும் பண்ணலை. அவ சொன்னா, நான் சும்மா இருந்தேன்.”

மாமனார் கோபத்தில் கத்துவார் என்று மருமகள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தன் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினார்.

“எஞ்சின்ல ரெண்டு பேர் இருப்போம்மா. நானும் அசிஸ்டன்ட்டும். சிக்னல் வரும்போது அவன் உரக்கச் சொல்லுவான், பச்சைன்னு. நான் அதைத் திருப்பி உரக்கச் சொல்லணும், பச்சைன்னு. ரெண்டு பேர் கண்ணுக்கும் தெரியும். இருந்தாலும் சொல்லணும். அது விதி. ஒரு நாளும் எந்த அசிஸ்டன்ட்டும் எனக்கு மனசு கஷ்டப்படுமேன்னு சிவப்பைப் பச்சைன்னு சொன்னதில்லை. சொல்லியிருந்தா நான் இங்க உட்கார்ந்திருக்க மாட்டேன்.”

“மாமா...”

“கண்ணு போனப்ப நான் அழலை. ஏன் தெரியுமா? நீ இருக்கேன்னு. பால் திரிஞ்சிடுச்சுன்னா திரிஞ்சிடுச்சும்பே. என் சட்டையில கறைன்னா கறைம்பே. உன் கண்ணுலதான் நான் இந்த வீட்டைப் பார்த்துட்டிருக்கேன். அது சரியில்லேன்னா, எனக்கு ரெண்டாந்தரம் கண்ணு போன மாதிரி.”

மருமகள் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். வெட்கமாக இருந்தது. அன்பினால் செய்தோம் என்று ஆறு வாரமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது இப்போது கொஞ்சமும் எடுபடவில்லை. உண்மையைச் சொன்னால், அவள் அவரை மட்டும் ஏமாற்றவில்லை. ‘சிரிக்கிறார்’ என்று உரக்கச் சொல்லிச் சொல்லி, கணவனுக்கு ஒன்றுமில்லை என்று தன்னையும் நம்ப வைத்துக்கொண்டிருந்தாள்.

“இனிமே இல்லை மாமா. தெரியறதை அப்படியே சொல்றேன். எதுவா இருந்தாலும்.”

“எதுவா இருந்தாலும்?”

“எதுவா இருந்தாலும்.”

“சரி. நீ சொல்லு. நான் திருப்பிச் சொல்றேன்.”

*

ஐந்து மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போதே போன் அடித்தது. மருமகள் செல்போனைத் தண்ணீர்க் கூஜாவின்மேல் சாய்த்து வைத்தாள். மாமனார் நடுவில், அவள் பக்கத்தில், மாமியார் நாற்காலிக்குப் பின்னால்.

திரையில் அவன் முகம் வந்தது.

“அப்பா! எப்படிப்பா இருக்கீங்க?”

“நான் நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்கே?”

“சூப்பரா இருக்கேன்பா. வேலைதான் கொஞ்சம் ஜாஸ்தி.”

மருமகள் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். “சிரிக்கலை மாமா.”

“சிரிக்கலை,” என்றார் மாமனார்.

திரையில் இருந்தவன் திடுக்கிட்டான். “என்ன? ஏய், என்ன சொல்றே அப்பாகிட்ட?”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பதிவு அறையில் மைக்கின் முன்னால் பேசும் குரலில், வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள். “நாலு நாள் தாடி. கன்னம் ஒட்டியிருக்கு.”

“நாலு நாள் தாடி. கன்னம் ஒட்டியிருக்கு.”

“சட்டை அவரோடது இல்லை. தோள் ரெண்டும் தொங்குது.”

“நான் தைச்சது இல்லை அது,” என்றார் மாமியார் பின்னாலிருந்து. அவரை அறியாமலே வந்த வார்த்தை.

“பின்னாடி வெள்ளைச் சுவர் மாமா. அவர் தங்கியிருக்கற அறைல நீலம் அடிச்சிருந்தது.”

“வெள்ளைச் சுவர்.”

“அம்மா, என்னம்மா நடக்குது அங்கே? அப்பா, அவளுக்கு என்ன ஆச்சு?” அவன் சிரிக்க முயன்றான். முயன்றதையும் மருமகள் சொன்னாள். அவருக்கு அது புரிந்ததற்கு அடையாளமாகத் தலை மட்டும் ஆடியது.

அப்புறம்தான் அவள் அதைக் கவனித்தாள். ஆறு வாரமாகப் பார்த்தும் பார்க்காமல் விட்டது. “வலது கை தெரியுது மாமா. இடது கை தெரியலை. போன் எடுத்ததிலேர்ந்து அதைக் கீழேயே வச்சிருக்கார்.”

கிரேன் ஓட்டுகிறவனுக்கு இரண்டு கையும் வேண்டும் என்பது மாமனாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் செல்போன் பக்கம் குனிந்தார்.  “இடது கை தெரியலை. டேய், கையைக் காட்டு.”

“கை நல்லாத்தான்பா இருக்கு...”

“காட்டு. போனை வச்சிடாதே. வச்சா நான் மறுபடி பண்ணுவேன். எடுக்கற வரைக்கும் பண்ணுவேன்.”

அவன் தலை குனிந்துகொண்டான்.  “அவ எல்லாத்தையும் சொல்லிடுவாளாப்பா?”

“சொல்லுவா.”

கை மெல்ல மேலே வந்தது. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார்.  மருமகளுக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. பக்கத்தில் ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார்.

“கை இருக்கு மாமா. மணிக்கட்டு வரைக்கும் கட்டு. கட்டுக்கு வெளியே...” ஒரு முறை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். “மூணு விரல்தான் தெரியுது.”

“மூணு விரல்,” என்றார் மாமனார். சொல்லிவிட்டு மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “எப்படா ஆச்சு?”

“ஆறு வாரம் ஆச்சுப்பா. கம்பிக்கயிறு அறுந்து அடிச்சுது. உங்களுக்கு உடம்பு முடியாதேன்னுதான்...”  தூக்கிப் பிடித்திருந்த கை வலியில் நடுங்கியது.

அப்போது திரையின் ஓரத்திலிருந்து ஒரு தலையணை வந்தது. அதைப் பிடித்தபடி ஒரு கை. அந்தக் கை அவன் கேட்காமலே தலையணையை அவனுடைய கட்டுப்போட்ட கைக்கு அடியில் சொருகி, சரியான உயரத்தில் நிறுத்தி, மணிக்கட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனது. அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பழகிப்போன உதவியை வாங்கிக்கொள்கிறவன் அப்படித்தான் இருப்பான்.

மாமியாரின் விரல்கள் மருமகளின் தோளை இறுக்கின. வேண்டாம், இதைச் சொல்லாதே என்று அந்தப் பிடி கெஞ்சியது. யாருக்காகக் கெஞ்சியது என்று தெரியவில்லை. கிழவருக்காகவா, மகனுக்காகவா, அவளுக்காகவேவா?

“என்னம்மா நிறுத்திட்டே?” என்றார் மாமனார். “அப்புறம்?”

தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும். அந்தக் கை யாருடையது, எத்தனை நாளாக அங்கே இருக்கிறது, ஏன் இருக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. தோன்றுவது ஆயிரம் இருந்தது. அத்தனையையும் தொண்டையிலேயே நிறுத்தினாள்.

“ஒரு பொம்பளையோட கை, மாமா. பூப்போட்ட நைட்டி. நர்ஸ் உடுப்பு இல்லை. அவருக்குத் தலையணை வச்சுட்டுப் போகுது.”

மாமனார் இந்த முறை திருப்பிச் சொல்லவில்லை. கையை நீட்டித் தடவி, மருமகளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.